தழைவெட்டி மெஷினும் ஞானமுத்துவின் முண்டும்

மர வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, போன வாரம் நீங்கள் கூட்டமாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். கொப்பையும் தழையையும் நறுக்கித் தள்ளுகிற மெஷின் ஒன்று வாங்கப் போகிறோம், எத்தனை குதிரைச் சக்தி வேண்டும், எவ்வளவு தடிமனான கொப்பு உள்ளே போக வேண்டும், எந்த ஊர் இரும்பு நல்லது? எனக்கு எரிச்சல் வந்து பாதியில் எழுந்து போய்விட்டேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நீங்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. இருக்கட்டும். ஆனால் நீங்கள் கேட்ட அத்தனை கேள்வியிலும் ஒரு மனுஷன்கூட இல்லையே! அந்த மெஷின் பக்கத்தில் யார் நிற்பான், என்ன உடுத்திருப்பான், யாரைக் கண்டால் அவன் கை தானாக மரியாதைக்குப் போகும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? அதைக் கேட்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் இஷ்டம்போல வாங்குங்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் மேஸ்திரியாக இருந்தேன். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். தொண்டை பெரிது, மனசும் பெரிது. சாலையோர மரம், கோயில் மரம், பள்ளிக்கூடத்து மரம் என்று எது காற்றில் முறிந்தாலும் எங்கள் கூட்டத்துக்குத்தான் ஆள் வரும். வெட்டின தடி சூளைக்கு விறகாகப் போகும். தழை வயலுக்குப் போகும். கும்பப்பூ நெல் நடவுக்கு முன்னால் பூவரசு, புங்கு, வேம்பு என்று தழையை நறுக்கிச் சேற்றில் மிதித்துப் புதைத்தால்தான் அந்தக் காலத்தில் நெல் விளையும். உரமூட்டை எல்லாம் அப்போது யார் கண்டது?

தழையை நறுக்குவது பெண்கள். கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் கொத்திக் கொத்தி ஓலைக் கடவத்தில் நிறைப்பார்கள். கொப்பு வெட்டுகிற ஆண்களின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. தழை குவிந்து கிடந்து சூடேறிக் கருகும். அந்தப் பக்கம் வயல்காரர்கள் வந்து நின்று கத்துவார்கள். ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் முதலாளி நாகர்கோவிலுக்குப் போய் மெஷின் விற்கிற ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துவிட்டார். அவர் இரண்டு தழைவெட்டி மெஷின்களையும் அதை ஓட்ட ஒரு ஆயில் எஞ்சினையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “மேஸ்திரி, நீ எதைச் சொல்லுகியோ அதை வாங்குகேன். பொறவு ஒருத்தனும் என்னைக் குத்தம் சொல்லப்பிடாது, கேட்டியா?”

ஓட்டிப் பார்க்கக் கிடைத்த இடம் ஒரு சபையின் கோயில் வளாகம். ஆடிக் காற்றில் அங்கே இரண்டு பெரிய புங்க மரங்கள் கொப்பு முறிந்து தொங்கின. சபையின் போதகரை எல்லோரும் ஐயா என்போம். அவர், “வெட்டி எடுத்துக்கிடுங்கோ, தழையை ஏழைகளுக்க வயலுக்குக் குடுங்கோ” என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் அந்தச் சபைதான். ஞானமுத்துவும் அந்தச் சபைதான்.

ஞானமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரன். கொப்பின் வேரடி எது, நுனி எது, எந்தப் பக்கம் பிடித்தால் தழை சிதறாமல் வரும் என்பதெல்லாம் அவனுக்குக் கைப்பழக்கம். அதனால் மெஷினுக்குள் தழை கொடுக்க அவனைத்தான் நிறுத்துவது என்று எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். அவனைச் சபையில் டீக்கனாக எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. திருவிருந்து நாளில் வெளுத்த முண்டும் சட்டையுமாக அப்பத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பான். அந்த நடையைப் பார்க்கவே அவன் பெண்டாட்டி ராகேல் முன்வரிசையில் இடம் பிடிப்பாள். அவன் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அந்தத் தட்டைத் தொட்டதில்லை.

முதலில் சின்ன மெஷினை ஓட்டினார்கள். கட்டைவிரல் தடிமன் கொப்புதான் அதற்குள் போகும். தழை கொடுக்கிற வாய் நீளமான மரத் தொட்டி. கொடுக்கிறவன் கத்தியிலிருந்து தள்ளித்தான் நிற்க முடியும். பெல்ட் ஓடுகிற இடத்தைப் பலகையால் மூடியிருந்தார்கள். கீழே காலால் மிதிக்க ஒரு கட்டை. அதை மிதித்தால் பெல்ட், வெட்டாமல் சும்மா சுற்றுகிற வெறும் சக்கரத்துக்கு நழுவிவிடும், வெட்டுகிற சக்கரத்தின்மேல் ஒரு மரக்கட்டை வந்து அழுத்தும். அதை மிதித்துக் காட்டக்கூட யாரும் சொல்லவில்லை. “இது கருவேப்பிலை நறுக்கவா வாங்குகோம்?” என்று ஒருத்தன் கேட்டான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெரிய மெஷினை ஓட்டியதும் சிரிப்பு அடங்கியது. யம்மாடி! மணிக்கட்டுத் தடிமன் கொப்பைத் தழையோடு அப்படியே இழுத்து விழுங்கியது. ஆள் உயரச் சக்கரம், அதில் மூன்று கத்திகள், பக்கத்திலேயே திறந்தபடி ஓடும் தோல் பெல்ட். பெண்கள் அரைநாள் கொத்துகிற தழையை ஒரு சாயா குடித்து முடிக்கிற நேரத்தில் குவித்துவிட்டது. முதலாளி தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து வீசி, “எடுத்தாச்சு! இதுதான்!” என்று கத்தினார். என் மனசும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஞானமுத்து முண்டை மடித்து முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு நெருங்கி நின்று, கொப்பு கொப்பாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். முகம் எல்லாம் பச்சைத் தூசி. ஒரே சந்தோஷம்.

அப்போது போதகர் வளாகத்து வாசலுக்கு வந்தார்.

உங்களில் பாதிப் பேர் பேண்ட் போடுகிறவர்கள், அதனால் சொல்கிறேன். மடித்துக் கட்டிய முண்டோடு பெரியவர்கள் முன்னால் நிற்பது எங்கள் பக்கத்தில் அவமரியாதை. பெரியவர் வருகிறார் என்றால் நடந்துகொண்டிருந்தாலும் சரி, பேசிக்கொண்டிருந்தாலும் சரி, கை தானாக மடிப்பை அவிழ்க்கும், முண்டு கணுக்கால் வரை இறங்கும், தலையில் கட்டின துவர்த்து கைக்கு வரும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. இமை மூடுகிற மாதிரி அது. போதகர் வாசலில் தலை காட்டினார், எங்கள் ஆட்கள் அத்தனை பேருடைய முண்டும் ஒரே நேரத்தில் இறங்கியது. ஞானமுத்துவின் முண்டும் இறங்கியது.

காற்றில் ஒரு முனை பறந்து பெல்ட்டுக்குள் போய்விட்டது.

துணி போன வேகத்தில் அவன் இடுப்பு சக்கரத்தின் பக்கம் இழுபட்டது. ஒரு கையால் மெஷின் காலைப் பற்றினான், மறு கையால் இடுப்பில் முண்டின் சொருகலைப் பற்றினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓடிப் போய் அவனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தேன். எஞ்சின்காரனைப் பார்த்து, “நிறுத்துலே! நிறுத்து!” என்று கத்தினேன். அவன் நிறுத்திவிட்டான். ஆனால் அந்தப் பெரிய சக்கரம் நிற்க வேண்டாமா? எஞ்சின் செத்த பிறகும் அது தன் கனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, துணியைச் சுற்றிச் சுற்றி உள்ளே வாங்கிக்கொண்டே இருந்தது.

என் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. பெல்ட்டை வெட்டலாமா? இறுகி ஓடுகிற தோல் வார் அறுந்தால் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தில் அடிக்கும். அறுத்தாலும் சக்கரம் நிற்காது. துணியை வெட்டலாமா? துணி அவன் தொடையோடு ஒட்டி இறுகிக் கிடந்தது, கத்தி தொடையில்தான் இறங்கும். ஒரே வழிதான் இருந்தது. முண்டு என்பது தைத்த துணி இல்லை, இடுப்பில் ஒரு சொருகல். அதை அவன் விட்டுவிட்டால் துணி போகும், ஆள் நிற்பான்.

“விடுடே! துணியை விட்டுருடே!” என்று நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். அவன் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். சொருகலோடு விரலும் சுருண்டு துணிக்குள் போக ஆரம்பித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, மூச்சு முட்ட, “ஐயா நிக்காவ வோய்” என்றான்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. புரியாமல் இன்னும் பலமாக இழுத்தேன்.

போதகருக்குப் புரிந்தது. உயிர் போகிற இடத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அந்த மனுஷர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே சடக்கென்று திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, மதில் சுவரைப் பார்த்து நின்றார். பிரசங்கத்தில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. “பெண்டுகள் எல்லாரும் திரும்புங்கோ! ஒருத்தரும் இந்தப் பக்கம் பாக்கப்பிடாது! எல்லாரும் என்னைப்போல திரும்பி நில்லுங்கோ!” அத்தனை பேரும் திரும்பினார்கள். ராகேலும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள், அவளும் திரும்பினாள். அதற்குப் பிறகு போதகர் குரலைத் தாழ்த்தி, “ஞானமுத்து, நான் பாக்கல்ல மக்கா. யாரும் பாக்கல்ல. விட்டுரு” என்றார்.

அவன் விட்டான்.

நானும் அவனும் பின்பக்கமாக விழுந்தோம். முண்டு முழுசாகச் சக்கரத்துக்குள் போய்க் கிழிந்து கந்தலாகச் சுற்றிக்கொண்டது. அவனுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் அதோடு போய்விட்டன. ஆள் பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இடுப்பே போயிருக்கும். போதகர் திரும்பாமலே தம் தோளில் கிடந்த நேரியலை எடுத்துக் கையைப் பின்னால் நீட்டினார். நான் அதை வாங்கி அவன் இடுப்பில் சுற்றினேன். துவர்த்தைக் கிழித்துக் கையில் கட்டினேன். மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உள்ளே கோவணம் கட்டியிருந்தானே, என்ன வெட்கம் என்று உங்களில் ஒருவன் நினைப்பான். நினைக்காதே. எங்கள் சனத்துக்குத் துணி சும்மா வந்ததில்லை. மாரை மறைத்து மேலே துணி போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டு, போட்ட துணியை மேல்சாதிக்காரர் கிழித்தெறிய நின்று அழுத பெண்களின் வயிற்றில் வந்த குடும்பங்கள் நாங்கள். கோயில் வளாகத்தில், போதகர் முன்னால், சபைப் பெண்கள் முன்னால், ஒரு டீக்கன் துணி இல்லாமல் நிற்பதா? அவனுக்கு உயிரைவிட அது பெரிதாகத் தெரிந்தது. தெரியக் கூடாது என்று சொல்ல நான் யார்?

ஏஜென்ட் நல்ல மனுஷர். அன்று முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். “எத்தனையோ ஊரில் ஓடுது மேஸ்திரி, எங்கேயும் இப்படி நடந்ததில்லை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நான் அவர் காலைப் பார்த்தேன். கால்சட்டை போட்டிருந்தார். அந்த மெஷினைச் செய்தவனும் கால்சட்டைதான் போட்டிருப்பான். தன்னை மாதிரி ஒருவன் அங்கே நிற்பான் என்று நினைத்துத்தானே செய்திருப்பான்?

முடிவு தெரியும்வரை ஏஜென்ட் இரண்டு மெஷினையும் எங்களிடமே விட்டுவைத்தார். கை ஆறியது. ஞானமுத்து வேலைக்கு வரவில்லை. சரி, உடம்பு தேறட்டும் என்று விட்டோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை. திருவிருந்து வந்தது, அவன் ஏந்த வேண்டிய தட்டை வேறொருவர் ஏந்தினார். ராகேல் கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“கை ஆறிட்டு அண்ணாச்சி. மனுஷருதான் வெளிய எறங்க மாட்டேங்காவ. அடுக்களைக்குப் பொறத்த இருக்கிற திண்டுல சுவரைப் பாத்து இருக்காவ. பிள்ளையள் கூப்பிட்டாலும் பேச்சு இல்ல. நீங்க ஒண்ணு வந்து சொல்லப்பிடாதா?”

போனேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “யாரும் பாக்கல்லடே. ஐயா அத்தனை பேரையும் திருப்பி நிறுத்திட்டாவ” என்றேன்.

“நீரு பாத்தீரு” என்றான்.

“நான் ஒனக்க விரலைப் பாத்தேன். ரெத்தத்தைப் பாத்தேன். வேற என்னத்தைப் பாக்க எனக்கு நேரம் இருந்துச்சு?”

நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். முதலாளி புதுச் சட்டம் போட்டிருக்கிறார், மெஷின் பக்கம் நிற்கிறவன் யார் வந்தாலும் முண்டை இறக்கக் கூடாது, போதகரும் கோயிலில் எல்லோருக்கும் அதையே சொல்லிவிட்டார் என்றேன். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

“அவிய சொல்லுவாவ. கை கேக்குமா வோய்? ஐயா வந்தா இது தானா போவும். போவாண்டாம்னு நான் சொன்னா நிக்குமா? நின்னுட்டா, பொறவு நான் ஐயா முன்ன முண்டைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்கேன்லா? அதுக்கு நான் வீட்டுலயே இருக்கேன்.”

அவன் சொன்னது சரி என்று மறுநாளே கண்டேன். போதகர் வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார். எஞ்சின் அணைந்திருந்தது, நல்ல காலம். சட்டத்தைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் எல்லோரும். அவர் தலை தெரிந்ததும் பாதிப் பேருடைய முண்டு கீழே இறங்கிவிட்டது. இறங்கின பிறகுதான் அவர்களுக்கே ஞாபகம் வந்து திருதிருவென்று விழித்தார்கள். மிச்சப் பேர் மடித்த முண்டோடு நின்றார்கள். ஆனால் ஒருத்தரும் போதகரை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏதோ திருடிவிட்ட மாதிரி நின்றார்கள். போதகருக்கும் அது சங்கடம். வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார்.

தம்பிமாரே, இந்த வேலையில் விதி போடுவது எளிது. பலகையில் எழுதி மாட்டிவிடலாம். ஆனால் தகப்பனிடமிருந்தும் தாத்தனிடமிருந்தும் வந்த கையைப் பலகை நிறுத்தாது. நிறுத்திவிட்டாலும் அந்த ஆள் குனிந்த தலையோடுதான் வேலை செய்வான். கையை மாற்ற முடியாது என்றால் கைக்கு ஏற்ற மெஷினைப் பார்க்க வேண்டும்.

முதலாளிக்கு இன்னும் பெரிய மெஷின்மேல்தான் கண். பெல்ட்டுக்குப் பலகை அடித்து மூடிக்கொள்ளலாம், ஞானமுத்துவுக்குப் பதில் வேறு ஆளை நிறுத்தலாம் என்றார். நான் சின்னது என்றேன். “கருவேப்பிலை நறுக்குக மெஷினா? ஒனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?” என்று கத்தினார். பலகை பெல்ட்டை மூடும், சக்கரத்தை நிறுத்துமா என்று கேட்டேன். ஞானமுத்து வந்து நின்று பார்க்காமல் எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். இப்போது வேறு ஆளை நிறுத்தினால் அவன் அந்தத் திண்டிலிருந்து என்றைக்கும் எழுந்திருக்க மாட்டான். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“ஒருத்தனுக்காக நடவு நிக்குமா மேஸ்திரி? ஞாயித்துக்கிழமை கழிஞ்சா ஏஜென்ட் ரெண்டையும் ஏத்திட்டுப் போயிருவாரு. நீ சொல்லல்லைன்னா நான் பெரியதை எடுத்துருவேன்” என்றார் முதலாளி.

அவன் வரவில்லை என்றால் மெஷின் போகட்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில் சின்ன மெஷினையும் எஞ்சினையும் வண்டியில் ஏற்றி அவன் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோய் இறக்கினேன். அவன் வேலியில் பூவரசு வளர்ந்து ஊர்வழியை அடைத்துக் கிடந்தது. ராகேலிடம் கேட்டுவிட்டு, ஆட்களை விட்டு வெட்டச் சொன்னேன். எஞ்சின் சத்தம் கேட்டு வழியெல்லாம் ஆள் கூடிவிட்டது. ஞானமுத்து மட்டும் வெளியே வரவில்லை. தழை கொடுக்க எங்கள் ஆள் தாசையனை நிறுத்தினேன். மரம் ஏறுவதில் அவன் கெட்டிக்காரன், இந்த வேலையில் ஒன்றும் தெரியாது. கொப்பை நுனி முன்னாலாகத் திணித்தான். தழை சுருண்டு தொட்டியின் வாயை அடைத்தது. எடுத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி திணித்தான், மறுபடியும் அடைத்தது.

“எலே மடையா! வேரடியை முன்ன வையிலே!”

ஞானமுத்து அடுக்களைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையும் பாராமல் நேராக மெஷின் பக்கத்தில் வந்து தாசையனைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். ஒரு கொப்பை எடுத்துக் கொடுத்தான். சுத்தமாக வெட்டி விழுந்தது. இன்னொன்று கொடுத்தான். அதற்குப் பிறகுதான் காலடியில் இருந்த கட்டையைக் கவனித்தான்.

“இது என்னத்துக்கு?” என்று என்னைப் பாராமலே கேட்டான்.

“மிதிச்சா நிக்கும்.”

மிதித்தான். சக்கரம் மூச்சு விடுகிற நேரத்துக்குள் நின்றது. காலை எடுத்தான், ஓடியது. மறுபடியும் மிதித்தான், நின்றது. தொட்டியைக் கையால் தடவி, அது எவ்வளவு நீளம் என்று பார்த்தான். பலகைக்கு அப்பால் குனிந்து பெல்ட் எங்கே ஓடுகிறது என்று தேடினான். முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். இடது கையில் மூன்று விரல்கள்தான், ஆனாலும் கொப்பு தடுமாறாமல் போயிற்று.

எஞ்சின் சத்தம் போதகர் வீடு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் ஆள் அனுப்பவில்லை, சத்தியமாக அனுப்பவில்லை. ஊர்வழியின் திருப்பத்தில் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். சத்தம் போட்டு அவரை நிறுத்தலாம். நிறுத்தினால் கூடியிருக்கிற அத்தனை பேரும் ஞானமுத்துவைப் பார்ப்பார்கள், அன்றைய கதையை நினைப்பார்கள், அவன் மறுபடியும் உள்ளே போய்விடுவான். ஓடிப் போய் எஞ்சினை அணைக்கலாம். அணைத்தால் உன்னை நம்பவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இரண்டையும் செய்யாமல் நின்றேன். ராகேல் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஜெபத்தில் அசைந்தது.

போதகர் முற்றத்துக்குள் கால் வைத்தார். ஞானமுத்து நிமிர்ந்து பார்த்தான். அவன் கை இடுப்புக்குப் போயிற்று.

ஆனால் அதற்கு முன்னே கால் போயிருந்தது. கட்டையை மிதித்தான். சக்கரம் நின்றது. கையிலிருந்த கொப்பைக் கீழே போட்டான். மெஷினை விட்டு விலகி முற்றத்தின் நடுவுக்கு வந்தான். அங்கே நின்று, அவசரப்படாமல், அந்த மூன்று விரல் கையால் மடிப்பை அவிழ்த்து முண்டைக் கணுக்கால் வரை இறக்கினான். தலைத் துவர்த்தை எடுத்துக் கையில் பிடித்தான்.

“தோத்திரம் ஐயா” என்றான்.

போதகர் இரண்டு கையையும் கூப்பி, ஊர்வழியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, “தோத்திரம் டீக்கனாரே” என்றார். “நாளைக்குக் கோயிலுக்கு வருவியளா? தட்டு எடுக்க ஆள் இல்ல.”

“வாறேன் ஐயா.”

அவர் ராகேலிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். ஞானமுத்து துவர்த்தால் முகத்தை நன்றாகத் துடைத்தான். முண்டை மடித்துக் கட்டினான். மெஷின் பக்கம் போய் நின்று, அன்றைக்கு விழுந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“என்ன வோய், வாயைப் பொளந்துட்டு நிக்கீரு? இது கொள்ளாம், நல்லாயிருக்கு. இதையே எடுக்கச் சொல்லும் முதலாளிட்ட.”

அதையே எடுத்தோம்.